தடுப்பூசி நாளில் தாயிடம் நாங்கள் கேட்காத கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சென்ற ஞாயிறன்று வெளிவந்த, பெண்களுக்கு ஏற்படும் சிறுநீர்க் கசிவும் அதற்கான உடற்பயிற்சியும் பற்றிய குறிப்பைப் படித்தேன். தாயும் மகளும்கூடத் தமக்குள் பேசிக்கொள்ளக் கூசும் ஒன்றை அச்சேற்றியதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் அக்குறிப்பில் இருந்த மூன்று செய்திகளை அப்படியே கடைப்பிடிப்பவர்களுக்குப் பயன் கிடைக்காது. அவற்றுள் ஒன்று கெடுதலும் செய்யக்கூடும். 34 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகவும் பின்னர் பகுதி சுகாதார செவிலியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், இதே தொல்லையை ஆறேழு ஆண்டுகள் வெளியே சொல்லாமல் சுமந்தவள் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். கடைசி மாதவிலக்குத் தேதி, இரத்த அழுத்தம், எடை, இரும்புச்சத்து மாத்திரை, பிரசவம் நடந்த இடம், குழந்தையின் எடை, தொப்புள்கொடி காய்ந்ததா, தாய்ப்பால் சுரக்கிறதா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன முடிவு என்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பதிவேடுகளை நிரப்பியிருக்கிறேன். இருமும்போது சிறுநீர் கசிகிறதா என்று ஒருத்தியிடம்கூட நானாகக் கேட்டதில்லை. நான் நிரப்பிய பதிவேடுகளில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை. கட்டம் இல்லாததைக் கேட்கும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. அவர்களும் நேராகச் சொன்னதில்லை. இடுப்புவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், நிலையைப் பிடித்தபடி திரும்பி நின்று, “கனைச்சாலே சொட்டுதுக்கா”, “குடத்தத் தூக்கினா நனைஞ்சு போகுது” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். “புள்ள பெத்த உடம்புன்னா அப்படித்தான் இருக்கும்” என்று அவர்களின் அம்மாக்கள் சொன்னதையே நானும் செவிலியர் உடையில் நின்று திருப்பிச் சொல்லியிருக்கிறேன். பழஞ்சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டும், அடர்நிறச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டும், கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் கழிப்பறைக்குப் பக்கமாக உட்கார்ந்துகொண்டும் காலத்தைக் கழித்த அவர்களில் எத்தனை பேரை மூன்று மாதப் பயிற்சியில் மீட்டிருக்கலாம் என்று இப்போது எண்ணினால் நெஞ்சு உறுத்துகிறது.

இந்தப் பயிற்சி எந்தத் தசைக்கு என்பதை விளங்கிக்கொள்ளாமல் செய்தால் பயனில்லை என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்புறம் அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை, கயிற்றுக் கட்டிலில் கயிறு பின்னியிருப்பதுபோல, இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் சில தசைகள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றையே மருத்துவர்கள் இடுப்புத் தளத் தசைகள் என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் இவை கீழிருந்து தாங்குகின்றன. சிறுநீர்க்குழாய், பிறப்புறுப்பு, மலவாய் ஆகியவற்றின் வழிகளும் இவற்றின் ஊடாகவே செல்கின்றன. நாம் இருமும்போதோ, தும்மும்போதோ, பாரம் தூக்கும்போதோ வயிற்றுக்குள் அழுத்தம் கூடிச் சிறுநீர்ப்பையைக் கீழ்நோக்கி நெருக்குகிறது. அந்தக் கணத்தில் இத்தசைகள் தாமாகவே இறுகிச் சிறுநீர்க்குழாயை மூடிக்கொள்ள வேண்டும். கர்ப்பகாலப் பாரம், பிரசவத்தில் ஏற்படும் இழுவையும் கிழிசலும், ஆண்டுக்கணக்கான மலச்சிக்கல், விடாத இருமல், மிகுந்த உடல் எடை, மாதவிலக்கு நின்றபின் வரும் மாற்றங்கள் ஆகியவற்றால் கயிறு தளர்ந்த கட்டிலைப்போல இவை தொய்ந்துவிட்டால் அந்த மூடல் பிந்துகிறது, அல்லது போதாமல் போகிறது. கசிவது சிறுநீர்ப்பையின் குற்றமன்று.

இனித் தங்கள் குறிப்புக்கு வருகிறேன். சிறுநீர் கழிக்கும்போது இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எந்தத் தசை என்று அடையாளம் காண ஒரே ஒருமுறை அப்படி நிறுத்திப் பார்ப்பதைச் சிலர் சொல்வதுண்டு. அதையே அன்றாடப் பயிற்சியாக்கக் கூடாது. சிறுநீர் கழிப்பதென்பது சிறுநீர்ப்பை சுருங்க, கீழுள்ள தசைகள் தளர்ந்து வழிவிடும் ஒத்திசைந்த செயல். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகினால் அந்த ஒத்திசைவு குலைந்து, சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தங்கிப்போகலாம். தங்கிய சிறுநீரில் கிருமித்தொற்று ஏற்படவும் வாய்ப்புண்டு. பயிற்சியை எப்போதும் சிறுநீர் கழித்து முடித்த பிறகே செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி வைத்துக்கொள்வது எளிது. நாலு பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவோமே, அதுபோலப் பின்வழியை இறுக்கி, அதே இறுக்கத்தை முன்வழிவரை கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. வயிற்றை எக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கவே கூடாது. வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். முதலில் மூன்று அல்லது நான்கு எண்ணும்வரை பிடித்தால் போதும். வாரங்கள் போகப்போகப் பத்து எண்ணிக்கைக்குக் கொண்டுபோகலாம். பிடித்த அளவுக்கு முழுதாகத் தளர்த்தவும் வேண்டும், ஏனெனில் தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. இப்படி ஒரு வேளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, நாளுக்கு மூன்று வேளை செய்து, ஒவ்வொரு வேளையின் முடிவிலும் சட்சட்டென்று சில முறை இறுக்கித் தளர்த்தி முடிக்க வேண்டும். படுத்துப் பழகிய பின் உட்கார்ந்தும், அதன்பின் நின்றும் செய்ய வேண்டும். கசிவது பெரும்பாலும் நிற்கும்போதுதான் அல்லவா?

குக்கர் விசில் அடங்கும் நேரத்தை எனக்கு வேளையாக வைத்துக்கொண்டேன். யார் கண்ணுக்கும் தெரியாமல் செய்யக்கூடிய உடற்பயிற்சி இது ஒன்றுதான்.

சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இத்தொல்லை வராது என்ற பொருள்படும் வரி அக்குறிப்பின் இரண்டாவது பிழை. தமிழ்நாட்டில் இது சிறிய பிழையாகாது. 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். ஏறத்தாழப் பாதித் தாய்மார்களிடம் “உங்களுக்கு இது தேவையில்லை” என்று சொல்வதற்குச் சமம் அது. நார்வே நாட்டில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவுகளில், பிள்ளை பெறாத பெண்களில் 10.1 விழுக்காட்டினருக்கும், சிசேரியனில் மட்டுமே பெற்றவர்களில் 15.9 விழுக்காட்டினருக்கும், இயல்பான வழியில் மட்டுமே பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் சிறுநீர்க் கசிவு இருந்தது. கத்தி ஓரளவு காக்கிறது, முழுதும் காக்கவில்லை என்பதே இதன் பொருள். வயிற்றில் ஒன்பது மாதம் சுமந்த பாரம் இருவருக்கும் பொது. பிள்ளையே பெறாத பெண்களிலும் பத்தில் ஒருவருக்கு இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘புள்ள பெத்த உடம்பு’ என்ற நம் சமாதானம் அவர்களிடம் செல்லாது.

பத்து நாளில் பலன் தெரியும் என்பது மூன்றாவது பிழை. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பதினோராம் நாள் இருமும்போது கசிந்தால், “இதுவும் நமக்கு ஆகாது” என்று அந்தப் பெண் விட்டுவிடுவாள், மறுபடி எடுக்கவும் மாட்டாள். தசை வலுப்பெற வாரக்கணக்கு ஆகும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நெறிகள் குறைந்தது மூன்று மாதம், அதுவும் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் என்று வரையறுக்கின்றன. அவ்வளவு பொறுத்தால் கிடைக்கும் பலனும் சிறிதன்று. 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்கள் பங்கேற்ற 31 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2018-இல் தொகுத்துப் பார்த்தது. இருமல், தும்மலின்போது மட்டும் கசிவு உள்ளவர்களில், பயிற்சி பெற்றோரில் 56 விழுக்காட்டினர் தமக்குக் குணமாகிவிட்டது என்றார்கள். பயிற்சி பெறாதோரில் அப்படிச் சொன்னவர்கள் 6 விழுக்காட்டினர். மாத்திரையோ கத்தியோ செலவோ இல்லாத ஒரு வழிக்கு இவ்வளவு சான்று இருந்தும் அது நம் பெண்களை வந்தடையவில்லை.

ஏன் வந்தடையவில்லை என்று கேட்டால், பத்திரிகையில் படித்தும் கைப்பேசியில் பார்த்தும் கற்றுக்கொள்ளும் பயிற்சி இது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம் என்பேன். இதற்குத் தம் பெயரை அளித்த அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் தம் கட்டுரையை வெளியிட்டபோது, வெறும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பவில்லை. தசை இறுகுகிறதா என்று தாமே சோதித்து, இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஒரு கருவியையும் உருவாக்கி, அதைப் பார்த்துப் பார்த்துப் பெண்களைப் பழகச் செய்தார். காலப்போக்கில் அவர் பெயர் நின்றுவிட்டது, அவர் கற்பித்த முறை கழன்றுவிட்டது. வாய்மொழி விளக்கம் மட்டும் போதுமா என்று 1991-இல் 47 பெண்களிடம் சோதித்த மற்றொரு ஆய்வில், சரியாக இறுக்கியவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். கால்பங்குப் பெண்கள் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். முக்குவது கசிவை மிகுவிக்கும். நன்மை என்று எண்ணி நாள்தோறும் மூன்று வேளை தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் பெண்ணுக்கு அதை யார் சொல்வது?

நானும் அந்தக் கால்பங்கில் ஒருத்தி. 52-ஆம் வயதில், போலியோ சொட்டு மருந்து முகாமில் ஒரு தும்மலில் சேலை நனைந்து, அதை மறைக்கக் குடிநீர்ப் புட்டியை மடியில் கவிழ்த்துக்கொண்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. கைப்பேசியைப் பார்த்து இரண்டு மாதம் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பின்னர் ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். இளம்பெண். சோதித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க மலம் கழிக்கிற மாதிரி கீழ தள்ளுறீங்க” என்று சொன்னபோது, பிரசவ அறையில் “முக்கும்மா, முக்கு” என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழகிய எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு துண்டைச் சுருட்டி நாற்காலியில் குறுக்காக வைத்து, அதன்மேல் இரு கால் நடுவே அழுந்தும்படி உட்காரச் செய்தார். துண்டிலிருந்து தசை மேலெழுந்து விலகுவதுபோல் உணர வேண்டும், துண்டை அழுத்துவதுபோல் உணர்ந்தால் தவறு என்றார். அந்தச் சுருட்டிய துண்டு எனக்கு எல்லாப் படத்தையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், இருமுவதற்கு முந்தைய கணத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் உத்தியையும் அவரே பழக்கினார். தசை வலுப்பெறும்வரை காத்திராமல் சில நாட்களிலேயே ஓரளவு கைகொடுப்பது இது. மூன்றாம் மாத முடிவில் மாற்றுச்சேலை இல்லாமல் பேருந்தில் ஏறினேன்.

எல்லாக் கசிவுக்கும் இது ஒன்றே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. இருமினால் கசிவது ஒரு வகை. திடீரென்று அடக்க முடியாத உந்துதல் வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுவது மற்றொரு வகை. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். இரண்டாவது வகையினருக்குத் தசைப் பயிற்சியோடு, சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பழக்கமும், காப்பி தேநீரைக் குறைப்பதும், சிலருக்கு மருந்தும் தேவைப்படும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது மட்டும் கூடாது. துணிக்கடையிலும் நூறு நாள் வேலையிலும் நம் பெண்கள் கழிப்பறைக்கு அஞ்சிக் காலை முதல் மாலைவரை நாவை நனைக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். செறிந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தி உந்துதலை அதிகப்படுத்தும், நீர்க்கடுப்பும் வரும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று ஒதுக்கும் பத்தியமும் இதே கேட்டைச் செய்கிறது: மலம் இறுகும், அவள் முக்குவாள், கிழிந்து தைத்த தசைமேல் அந்தப் பாரம் விழும். வயிற்றை இறுக்கிச் சேலை கட்டிவிடுகிறோம், லேகியம் கொடுக்கிறோம், வேது பிடிக்கிறோம். பிள்ளை வந்த வழிக்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்வதில்லை.

கசிவு மிகக் கடுமையாக இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சையே கூடுதல் பலன் தரும். நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மிதமான அல்லது கடுமையான கசிவுள்ள பெண்களில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள். மற்ற பாதிப்பேருக்கு அது வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நான் படிக்கிறேன். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி நிற்பது, பிரசவத்துக்கோ கருப்பை நீக்கத்துக்கோ பின் இரவும் பகலும் ஓயாமல் ஒழுகுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறுநீர்ப்பையில் துளை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதை எந்தப் பயிற்சியும் அடைக்காது.

நான் கேட்பது பெரிய திட்டமோ புதிய கட்டடமோ இல்லை. பிறந்த குழந்தைக்கு 6, 10, 14 ஆவது வாரங்களில் தடுப்பூசி போடுகிறோம். புதன்கிழமை வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், மூன்று முறை எங்கள் கண்முன்னே உட்கார்ந்திருக்கிறாள்; ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே காத்தும் இருக்கிறாள். அந்த அரைமணியில் அவளுடைய தாய்சேய் அட்டையில் ஒரு கேள்வியைக் கேட்டுக் குறித்தால் போதும். கசிவு உண்டு என்பவளை வட்டார மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். பக்கவாதம் வந்த பெரியவருக்குக் கைகால் பயிற்சி தரும் அதே வீட்டில், அவரைத் தூக்கி உட்கார வைக்கும் மருமகளுக்கும் ஒரு வார்த்தை கேட்டு ஒரு பயிற்சி சொல்லித்தர வேண்டும். இதற்குப் பெண் இயன்முறை மருத்துவர்கள் வேண்டும், சோதித்துப் பார்த்துக் கற்பிக்கும் தனிப்பயிற்சியும் அவர்களுக்கு வேண்டும். செலவு என்று ஏதேனும் உண்டென்றால் இங்கேதான். கர்ப்பகாலத்திலேயே தொடங்கினால் பிற்பாடு கசிவு வரும் வாய்ப்பே குறைகிறது என்பதால், மாதாந்தரக் கர்ப்பிணிச் சோதனை நாளும் இதற்கு ஏற்ற நாளே. பிரான்சில் பிரசவத்துக்குப் பின் இத்தசைகளுக்கான பயிற்சி அமர்வுகளின் செலவை அரசின் மருத்துவக் காப்பீடே ஏற்கிறது. அங்கே அதைப் பேச யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை போலும்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. “சிறுநீர்ப் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள், எரிச்சலையோ கடுப்பையோ கேட்பதாக நினைப்பார்கள். ஓய்வுக்குப் பின் என் தெருவில் நான் கேட்கும் சொற்கள் இவை: “இருமினா, தும்மினா, சிரிச்சா, ரெண்டு சொட்டு வந்துடுதாம்மா? எனக்கும் வந்துச்சு.” அந்தக் கடைசி இரண்டு சொல்லைச் சேர்த்தபிறகு யாரும் என்னிடம் உடனே இல்லை என்று சொன்னதில்லை.

மூன்று திருத்தங்களையும், முன்பு வெளியிட்ட அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால், சிறுநீரை நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம் என்பதையாவது வெளியிடுங்கள். என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். எனக்குக் கூச்சம் இல்லை. நான் மேலே எடுத்துச் சொன்ன சொற்களுக்கு உரியவர்கள் என் ஊரில் இருக்கிறார்கள், என் பெயரைப் பார்த்தால் ஊரார் அவர்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.